நிலநடுக்கோட்டு வானமும் நீலமலை மழையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். மழையைப் பாடாத புலவர் நம் மொழியில் அரியர். நானோ இயற்பியல் கற்றவன். ஆகவே மழையின் அழகைப் பாடும் பொறுப்பைக் கவிஞர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அது எங்கிருந்து, எந்த வழியாக, எந்தக் கணக்கில் நம் மலைக்கு வந்து சேருகிறது என்பதை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறேன். இறுதியில் இலக்கிய வட்டத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு.

இரண்டு நாள்கள், ஒரே அளவு

2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே உள்ள கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் காலையுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், உதகைக்குத் தென்மேற்கே உள்ள அவலாஞ்சியில் பதிவானதும் அதே 82 செ.மீ.தான். மறுநாள் அங்கே 91 செ.மீ. பெய்தது.

உதகையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 120 செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் கொட்டினால் எப்படியிருக்கும்? ஓர் ஏக்கர் தேயிலைக் காட்டின் மீது 82 செ.மீ. மழை பெய்தால், அங்கு விழும் நீர் சுமார் 33 இலட்சம் லிட்டர். அந்த நீரைச் சரிவான செம்மண் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மண்ணும் நீரும் சேர்ந்தே இறங்கும். 2009 நவம்பரில் அதுதான் நடந்தது. இம்மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கேத்திக்கும் அவலாஞ்சிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவுதான். ஒன்று ஐப்பசி மழை, மற்றொன்று ஆடி மழை. ஒன்று வங்கக் கடலின் பக்கமிருந்து வரும் காற்றை எதிர்கொள்ளும் முகம், மற்றொன்று அரபிக் கடலை நோக்கி நிற்கும் முகம். கேத்தியில் பெருமழை கொட்டும் மாதத்தில் அவலாஞ்சியில் அவ்வாறு பெய்வதில்லை. அவலாஞ்சி நனையும் மாதத்தில் கேத்தி அவ்வளவு நனைவதில்லை. ஒரே மலை, இரு வேறு மழைகள். இந்த இரண்டு மழைகளையும் அனுப்பி வைப்பது எது? அதற்கு விடை தேட வேண்டுமானால் மலையை விட்டுச் சற்றே தெற்கே, நிலநடுக்கோட்டின் பக்கம் செல்ல வேண்டும்.

பதினொரு பாகை

நாம் நிற்கும் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பதினொன்றரைப் பாகை வடக்கே உள்ளது. இந்தப் பதினொரு பாகைக்கு நம் ஊரிலேயே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. முத்தோரையில் 1970இல் நிறுவப்பெற்ற உதகை வானொலித் தொலைநோக்கியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அக்கருவியை, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கோவிந்த் சுவரூப் அவர்களும் அவருடைய குழுவினரும் பதினொரு பாகைச் சரிவுடைய ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மீது அமைத்தனர். சரிவும் ஊரின் அகலாங்கும் ஒன்றாக இருப்பதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. வானை நோக்கிய கருவிக்கு வசதியாக அமைந்த இந்தப் பதினொரு பாகை, நம் மழைக்கும் தலைவிதியாக அமைந்துள்ளது.

எப்படி? பூமி சுழல்வதால் ஓடும் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் ஒரு விளைவு உண்டாகிறது. கோரியாலிஸ் விசை என்று பாடநூல்கள் அதனைக் கூறும். வட அரைக்கோளத்தில் காற்று வலப்புறம் திரும்பும். தென் அரைக்கோளத்தில் இடப்புறம் திரும்பும். துருவத்தில் இது மிகுதி, நிலநடுக்கோட்டில் சுழி. உதகையில் துருவத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு. குளிர்நாடுகளில் இவ்விசை வலியதாக இருப்பதால், காற்றழுத்தம் தாழ்ந்தால் மழை, உயர்ந்தால் வெயில் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதனால்தான் ஆங்கிலேயர் வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய அழுத்தமானிகளின் முகப்பில் மழை, மாறுதல், நல்வானம் என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கருவியை இங்கே மாட்டினால் அது வேறொரு கதையைச் சொல்லும். காலை 10 மணியளவில் முள் உயரும்; மாலை 4 மணியளவில் தாழும்; இரவு 10 மணிக்கு மீண்டும் உயரும்; விடியற்காலை 4 மணிக்கு மீண்டும் தாழும். வெயிலோ மழையோ, நாள் தவறாமல் இவ்வேற்றஇறக்கம் நிகழும். அளவு ஓரிரு மில்லிபார்தான். கடலுக்கு ஓதம் இருப்பது போலக் காற்றுக்கும் ஓதம் உண்டு. கதிரவன் மேல்வானத்து ஓசோனையும் கீழ்வானத்து நீராவியையும் சூடாக்குவதால் எழும் பன்னிரண்டு மணி நேர அலை இது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில்தான் இது தெளிவாகப் புலப்படும். உதகையில் இயங்கும் கிரேப்ஸ்-3 அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்தினர், வானிலிருந்து வரும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை காற்றழுத்தத்தால் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதைக் கணக்கிட இந்தப் பன்னிரண்டு மணி நேர அலையையே அளவுகோலாகக் கொண்டனர். 2016இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. அண்டவெளியை ஆராய வந்தவர்களுக்குக் காற்றின் ஓதம் கைகொடுத்தது.

நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாமல் அலையடித்துக்கொண்டிருக்கும் ஒரு கடல் என்பதை இதனால் அறியலாம். ஓதம் அதன் மிக எளிய அலை. மழையைக் கொண்டுவரும் அலைகள் இதனினும் பெரியவை.

கரையில்லாக் கால்வாய்

நிலநடுக்கோட்டின் மேல் காற்றில் ஓர் அலை எழுந்து கிழக்கு நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். கோட்டுக்கு வடக்கே உள்ள காற்று வலப்புறம் திரும்ப முயலும். கிழக்கு நோக்கிச் செல்பவனுக்கு வலப்புறம் தெற்கு, அதாவது கோட்டின் பக்கம். கோட்டுக்குத் தெற்கே உள்ள காற்று இடப்புறம் திரும்ப முயலும்; அதுவும் கோட்டின் பக்கம்தான். இருபுறமும் காற்று உள்நோக்கி நெருக்குவதால், இரு கரைகளுக்கிடையே ஓடும் வாய்க்கால் நீரைப் போல அலை சிதறாமல் கிழக்கே ஓடும். கண்ணுக்குத் தெரியும் கரை இல்லை. ஆயினும் கால்வாய் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு நீரலைகளுக்குக் கண்ட விதியை ஒத்திருப்பதால், இது கெல்வின் அலை எனப் பெயர் பெற்றது.

1966இல் சப்பானிய அறிஞர் தாரோ மட்சுனோ, நிலநடுக்கோட்டருகே காற்றில் என்னென்ன அலைகள் எழ இயலும் என்பதைக் கணக்கால் வகுத்துக் காட்டினார். கிழக்கே ஓடும் கெல்வின் அலை ஒன்று. மேற்கே மெல்ல நகரும் ராஸ்பி அலை மற்றொன்று. கோட்டின் இருபுறமும் இரட்டைச் சுழல்களை உண்டாக்குவது அதன் இயல்பு. 2022 மே மாதம் வங்கக் கடலில் அசானி புயலும் அதே வேளையில் தென்னிந்தியப் பெருங்கடலில் கரீம் புயலும் எழுந்தன. கண்ணாடியில் பார்ப்பது போன்ற அந்த இரட்டையை நினைவில் கொண்டால் ராஸ்பி அலையின் வடிவம் விளங்கும். இவற்றிற்கு இடைப்பட்ட மூன்றாம் வகை அலையைக் காற்றின் பதிவுகளில் கண்டவர் யனாய். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கணக்கில் பிறந்த இந்த அலைகளைப் பிற்காலத்தில் செயற்கைக்கோள்கள் மேகக் கூட்டங்களின் வடிவில் வானில் கண்டு உறுதி செய்தன.

இவை எல்லாவற்றிலும் பெரியது மட்சுனோவின் பட்டியலில் இல்லை. 1971இல் அமெரிக்க அறிஞர்கள் மேடன், ஜூலியன் என்ற இருவர், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள கேன்டன் தீவின் காற்றுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நாற்பது ஐம்பது நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வரும் ஓர் ஊசலைக் கண்டனர். மேடன்–ஜூலியன் அலைவு என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுவே. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் மேகங்களின் பெருங்கூட்டம் ஒன்று திரளும். மணிக்கு ஏறத்தாழ 18 கி.மீ. வேகத்தில், மிதிவண்டிக்காரரின் வேகத்தில், கிழக்கே இந்தோனேசியா நோக்கி நகரும். அது கடந்த பின் வானம் வெளுக்கும். பிறகு முப்பது முதல் அறுபது நாள்களில் அடுத்த கூட்டம் வரும்.

மழை அலையால் வருகிறது. மழையும் அலையை எழுப்புகிறது. 2014 டிசம்பர் 1ஆம் நாள் உதகையின் மேல் திரண்ட ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தைக் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தினர் மியூவான்களைக் கொண்டு அளந்து, 130 கோடி வோல்ட் என்று 2019இல் அறிவித்தனர். அத்தகைய மேகம் மேலெழும்போது, குளத்தில் கல் விழுந்தாற்போல் மேலுள்ள காற்றில் அலைகள் எழுகின்றன. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள பெரிய ராடார் அவ்வலைகள் மேலே ஏறுவதை அளந்து வருகிறது. இருபது முப்பது கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டின் மேல் வீசும் காற்று சில காலம் கிழக்கிலிருந்தும் சில காலம் மேற்கிலிருந்தும் வீசி, சராசரியாக 28 மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சுற்றை முடிக்கிறது. அம்மாற்றத்தை உந்துவன கீழிருந்து ஏறும் இந்த அலைகளே. நம் வீட்டுக் கூரையில் ஒலிக்கும் மழைக்கும் விண்ணின் உச்சிக் காற்றுக்கும் இத்தகைய உறவு இருக்கிறது.

ஆடியின் வழி

இனி மலைக்குத் திரும்புவோம். நிலநடுக்கோட்டின் மேல் கிழக்கே செல்லும் அந்தப் பெரிய ஊசலால் ஆடி மாதத்து நீலகிரிக்கு என்ன? இதற்கான விடையைத் தந்தவர்களுள் இந்தியர் முதன்மையானவர்கள். 1980இல் சிக்கா அவர்களும் சுலோச்சனா காட்கில் அம்மையாரும் செயற்கைக்கோள் படங்களை நாள்தோறும் வரிசைப்படுத்திப் பார்த்தனர். கோடைக்காலத்தில் மேகப்பட்டை ஒன்று நிலநடுக்கோட்டருகே தோன்றி, நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் வடக்கே நகர்ந்து, இந்திய நிலப்பரப்பைக் கடப்பதை அவர்கள் காட்டினர். சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பட்டை ஒன்று புறப்பட்டு வருகிறது. 1979இல் நடந்த பன்னாட்டுப் பருவக்காற்று ஆய்வின் பதிவுகளைக் கொண்டு, திருவலம் நடராஜன் கிருஷ்ணமூர்த்தி அவர்களும் அவருடைய துணை ஆய்வாளரும் 1982இல் இதே ஊசலைக் காற்றின் ஓட்டத்திலும் கண்டனர்.

ஆகவே தென்மேற்குப் பருவமழை என்பது சூன் முதல் செப்டம்பர் வரை இடைவிடாது பெய்யும் ஒரே மழை என்று எண்ணக் கூடாது. அது அலை அலையாக வருகிறது. ஓர் அலை வரும்போது பந்தலூரும் தேவாலாவும் நாள்கணக்கில் கதிரவனைக் காண்பதில்லை. அலை கடந்ததும் வெயில் எட்டிப் பார்க்கிறது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இதை அறிவார்கள். ஈரம் காயாமல் வெயிலும் இல்லாமல் நாள்கள் நீண்டால், தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் பரவும். நான்கு நாள் வெயில் வந்தால் நோய் தணியும். வானில் நிகழும் ஊசலைத் தேயிலைச் செடி தன் இலையிலேயே எழுதிக் காட்டுகிறது.

அந்த மேகப்பட்டையின் கீழே வலிமையான காற்றோட்டம் ஒன்று உண்டு. 1966இல் பி. வி. ஜோசப், பி. எல். இராமன் ஆகிய இரு இந்திய வானிலை அறிஞர்கள், சூலை மாதத்தில் தென்னிந்தியாவின் மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து பாயும் தாழ்வானத் தாரைக்காற்றைக் கண்டறிந்தனர். ஒன்றரைக் கி.மீ. என்றால் என்ன? குன்னூரின் உயரத்துக்குச் சற்றே கீழ். குன்னூர் 1850 மீட்டர், உதகை 2240 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர். அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தாரைக்காற்றின் குறுக்கே நம் மலை சரியாக மார்பை நிமிர்த்தி நிற்கிறது. காற்று மேலேறியே ஆக வேண்டும்; ஏறினால் குளிர்ந்தாக வேண்டும்; குளிர்ந்தால் ஈரத்தை இறக்கியாக வேண்டும். கூடலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானி ஆகிய இடங்கள் அந்தச் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. மலைகளின் மறுபுறம் இறங்கும் காற்றிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் பாயும் காற்றிலும் ஈரம் குறைவு, வேகம் மிகுதி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சமவெளித் தமிழர் சொன்னது, மலைகள் மழையை வாங்கிக்கொண்டு அனுப்பிய காற்றைத்தான்.

2019 ஆகஸ்டில் நிகழ்ந்தது இதன் உச்சம். ஒடிசாவின் பக்கம் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஒன்று நிலைகொண்டிருக்க, தென்னிந்தியாவின் மேல் மேலைக் காற்று மிகுந்த வேகம் கொண்டது. ஆகஸ்டு 8 அன்றுதான் நம் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் கவளப்பாறையிலும் புத்துமலையிலும் மண் சரிந்தது. 2024 சூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த சரிவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தலூருக்கு மேற்கே அண்டையில் உள்ள ஊர்கள் அவை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்கள்.

ஐப்பசியின் வழி

ஐப்பசியில் காற்று திரும்புகிறது. மேகப்பட்டை தெற்கே இறங்கி வந்து நம் அகலாங்கை ஒட்டி நிற்கிறது. இப்போது மழையைக் கொண்டுவருவன வங்கக் கடலிலிருந்து மேற்கே நகரும் அலைகளும் தாழ்வு நிலைகளும். ராஸ்பி அலையின் வடபுறச் சுழல் இலங்கையையும் தமிழகத்தையும் கடக்கும் காலம் இது. மேடன்–ஜூலியன் ஊசலின் மேகத்திரள் இந்தியப் பெருங்கடலின் மீது இருக்கும் வாரங்களில் இத்தகைய சுழல்கள் எழவும் வலுக்கவும் வாய்ப்பு மிகும். மலையின் கிழக்கு முகம் இப்போது காற்றை எதிர்கொள்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் கேத்தியும் நனைகின்றன.

2009 நவம்பர் 4ஆம் நாள் வாக்கில் கொழும்புக்குத் தென்மேற்கே ஒரு தாழ்வு நிலை தோன்றியது. அது தென்னிந்தியாவின் மீது ஏறி அரபிக் கடலில் இறங்கிப் பியான் என்னும் புயலாகி, 11ஆம் நாள் மராட்டியக் கரையைக் கடந்தது. அது போன வழியில் நம் மலையும் இருந்தது. புயல் என்ற பெயரைப் பெறுவதற்கு முன்பே அது கேத்தியில் தன் கணக்கைத் தீர்த்துவிட்டது. இம்மலையின் பெரிய நிலச்சரிவுகளின் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்: 1978, 1979, 1990இல் கெத்தை, 1993இல் மரப்பாலம், 2009. எல்லாமே வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நிகழ்ந்தவை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி நின்றுபோவதும் இதனால்தான்.

இங்கே தமிழறிஞர்கள் சிந்திக்க ஒரு செய்தி. தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பெரும்பொழுதுகளாக வகுத்தது. கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். மலைக்கு ஐப்பசி மழையை உரிமையாக்கிய அந்த வகுப்பு, குன்னூர் முகத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் ஆனியும் ஆடியும் முதுவேனில் என்ற கணக்கைத் தேவாலாவில் நின்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அங்கே அதுதான் பெருமழைக் காலம். நம் ஆறு பருவங்களும் மலைத்தொடரின் கிழக்கே, மழைமறைவில் வாழ்ந்த மக்களின் வானத்தைச் சொல்கின்றன என்று கருதத் தோன்றுகிறது. இது இலக்கணத்தின் குறையாகாது. பருவம் என்பது நிலத்துக்கு நிலம் வேறுபடும் என்று சொன்ன மரபல்லவா அது!

கடல் கடந்து வந்தவர்களுக்கு இந்த இரட்டை மழை புதியதும் அன்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் தேயிலை வளர்த்த குடும்பங்கள் இந்த அரங்கில் பல உண்டு. இலங்கை மலைநாட்டிலும் இதே கணக்குத்தான். தென்மேற்குக் காற்றில் மேற்குச் சரிவுகள் நனையும். அப்போது ஊவாப் பக்கம் உலர்ந்த காற்று வீசித் தேயிலைக்குத் தனி மணம் தரும். வடகிழக்குக் காற்றில் கிழக்குச் சரிவுகள் நனையும். அங்கே கற்ற மழையறிவு இங்கும் பயன்பட்டது. இரு மலைகளும் ஒரே நிலநடுக்கோட்டு வானத்தின் கீழ் உள்ளவை.

சொல் முடியும் இடம்

இவ்வளவும் அறிந்த பின் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் உண்டு, எல்லையும் உண்டு.

பெரிய அலைகள் மெதுவாக நகர்வதால், அவற்றை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஓரளவு அறியலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரங்களுக்கான போக்கை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பின் உள்ளே இருப்பது இந்த அலைகளின் கணக்குத்தான். மழை மிகுந்த வாரமா, குறைந்த வாரமா என்பதை அது சொல்லும். எந்த ஓடையின் மேல், எந்தச் சரிவின் மேல் 80 செ.மீ. கொட்டும் என்பதை அது சொல்லாது. அது சில மணி நேரத்துக்கு முன்பே ஓரளவு தெரியவரும். அலை வானத்தின் செய்தி. சரிவு மண்ணின் செய்தி. இவற்றின் இடையே உள்ள வெளியில்தான் நம் மக்கள் தோட்டத்து லைன் வீடுகளிலும், ஓடையோரத்துக் குடிசைகளிலும், மண்ணை வெட்டிச் சமப்படுத்திய மனைகளிலும் வாழ்கிறார்கள்.

அந்த வெளியில் அவர்களை எட்டுவது எச்சரிக்கைச் சொல் ஒன்றுதான். கனமழை என்று வானொலியில் கேட்கிறோம். அது வெறும் அடைமொழி அன்று. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை என்பது அதன் பொருள். மிகக் கனமழை என்றால் 20.4 செ.மீ. வரை. அதற்கு மேல் அதி கனமழை. அதற்கும் மேலே நிலையான அளவெல்லை கொண்ட சொல் இல்லை. கேத்தியில் பெய்தது அதி கனமழையின் தொடக்க அளவைப் போல் நான்கு மடங்கு. அதிகாரபூர்வ அளவெல்லைகள் 20 செ.மீ. சுற்றில் முடிந்துவிடுகின்றன, மழையோ 91 வரை போகிறது. 21 செ.மீ. பெய்தாலும் அதே சொல், 91 செ.மீ. பெய்தாலும் அதே சொல் என்றால், கேட்பவர் எதைக் கொண்டு தம் வீட்டை விட்டு எழுந்து போவார்? மூன்று முறை அச்சொல்லைக் கேட்டு ஒன்றும் நிகழாதவர், நான்காம் முறை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள மாட்டாரா? வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். கடலும் காற்றும் வெப்பமேறி வரும் இந்நாளில் ஒவ்வோர் அலையும் முன்னைவிடக் கனத்த சுமையோடு வரும். அச்சொல்லின் பற்றாக்குறை இன்னும் பெருகும்.

இலக்கிய வட்டத்திற்கு என் வேண்டுகோள் இங்கேதான் தொடங்குகிறது. சொல்லைக் காப்பதும் ஆக்குவதும் உங்கள் பணியல்லவா? தூறல், சாரல், அடைமழை என்று தமிழ் மழையை நுட்பமாகப் பிரித்தறிந்த மொழி. இம்மலையில் படுகரும் தோடரும் கோத்தரும் இருளரும் குறும்பரும் பணியரும் தத்தம் மொழியில் மழைக்கும் காற்றுக்கும் மூடுபனிக்கும் வழங்கும் சொற்கள் உண்டு. அவற்றுள் எத்தனை சொற்கள் சரிவு நழுவப்போவதை உணர்த்துவன, எத்தனை சொற்கள் ஊற்று நிறம் மாறுவதைக் குறிப்பன என்பதை யார் தொகுத்திருக்கிறார்கள்? அவலாஞ்சி என்ற பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு பெருஞ்சரிவின் நினைவு. ஆங்கிலேயர் சரிவுக்குத் தம் சொல்லை இட்டுச் சென்றனர். அது ஊரின் பெயராகி, எச்சரிக்கை என்பதே மறந்துபோயிற்று. ஓர் ஊரின் பெயரில் இருநூறு ஆண்டுகளாக ஒரு செய்தி இருந்தும் நாம் அதைப் படிக்கவில்லை.

ஆகவே அடுத்த பத்தாண்டுக்கு மூன்று பணிகளை முன்வைக்கிறேன். ஒன்று, இம்மலையின் மழைச் சொற்களையும் சரிவுச் சொற்களையும் அந்தந்த மொழியாரிடமே கேட்டுத் தொகுத்து ஒரு சிறு அகராதி வெளியிடுங்கள். இரண்டு, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தச் சரிவு இறங்கிற்று என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அலையின் கணக்கை அறிஞர் தருவர். சரிவின் நினைவை ஊர்தான் தர வேண்டும். மூன்று, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மாணவர் அளந்து கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். தன் ஊரில் பெய்த 5 செ.மீ. எப்படியிருந்தது, 15 செ.மீ. எப்படியிருந்தது என்று கண்ணால் கண்டு வளரும் பிள்ளைக்கு, வானொலியில் வரும் எண் பொருளுள்ளதாகும். அன்று அந்தப் பிள்ளை வீட்டாரை எழுப்பும்.

ஆடி அலையும் ஐப்பசி அலையும் நம்மைக் கேட்டு வருவன அல்ல. ஆனால் வருவதை உரிய சொல்லால் உரிய வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அந்தச் சொல்லை ஆக்கித் தரும் தகுதி இவ்வட்டத்துக்கு உண்டு என்ற நம்பிக்கையோடு அமைகிறேன்.